சுவர்ப்பக்கம் படுத்தவள்: துக்கத்தையும் குற்றவுணர்வையும் வைத்துத் திகில்கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, தாங்கள் எழுதிய கதைகளை வாசித்துக் காட்டுகிறோம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு செவிலியர், ஒரு ஜீப் ஓட்டுநர் என்று கலவையான கூட்டம் அது. வருகிற கதைகளில் பாதி பேய்க்கதைகள். அவற்றிலும் பாதி மழையில் தொடங்குகின்றன. ஒருவர் சாகிறார், இன்னொருவர் பிழைக்கிறார், பிழைத்தவரின் வீட்டுக்குள் ஏதோ நடமாடுகிறது. இத்தகைய கதைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், கூட்டத்தில் நான் சொன்ன பதில்களையும், தேநீர் ஆறிவிடும் என்று அங்கே சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

உளவியல் திகில் என்பது என்ன? வழக்கமான பேய்க்கதையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான பேய்க்கதையில் ஆபத்து வெளியே இருக்கிறது. புளியமரத்திலோ பாழடைந்த பங்களாவிலோ ஒன்று குடியிருக்கிறது. அந்தப் பக்கம் போகாதிருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். உளவியல் திகிலில் பாத்திரம் எங்கே போனாலும் அச்சத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. ஊரை மாற்றினாலும் வீட்டை மாற்றினாலும் பயனில்லை.

நான் பல ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு கதையைச் சொன்னால் விளங்கும். தோட்டத்து லைன் வீடு ஒன்றில் அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுக்கிறார்கள். வீட்டின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. நவம்பர் மழை நான்காவது நாளாகப் பெய்கிறது. அக்கா மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "நீ சுவர்ப்பக்கம் படுத்துக்கோ. நான் நாலரைக்கு எந்திரிக்கணும், உன்னைத் தாண்டிக்கிட்டுப் போக முடியாது" என்கிறாள். தங்கை முனகிக்கொண்டே கம்பளியோடு உருண்டு அந்தப் பக்கம் போகிறாள். மூன்று மணி வாக்கில் மேட்டு மண் சுவரோடு உள்ளே வருகிறது. என் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இனி வரும் பல இடங்களில் இந்த இருவரையே எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன்.

"பிழைத்தவரின் குற்றவுணர்வு" என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? கதைக்காரர்கள் கட்டிவிட்டதா?

உண்டு. கதைக்காரர்களுக்கு முன்பே மருத்துவர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் இழப்பீடு கோரியபோது அவர்களைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் வில்லியம் நீடர்லாண்ட் என்ற உளமருத்துவர்; தாமும் ஜெர்மனியிலிருந்து அகதியாக வெளியேறியவர். உறக்கமின்மை, கொடுங்கனவு, ஓயாத பதற்றம் ஆகியவற்றோடு, குடும்பத்தில் எல்லாரும் போனபின் தாம் மட்டும் இருப்பதே குற்றம் என்ற எண்ணமும் அவர்களிடம் இருப்பதைக் கண்டு, 1960களில் அதற்குப் 'பிழைத்தோர் நோய்க்குறி' என்ற பொருளில் பெயரிட்டார். 1962-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் பேசிய ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற உளமருத்துவரும் ஏறத்தாழ அதையே அவர்கள் வாயால் கேட்டார். அமெரிக்க உளமருத்துவர்கள் 1980-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் அறிகுறிகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது. 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது தனி அறிகுறி என்ற தகுதியை இழந்து, உடன் காணப்படும் இயல்புகளில் ஒன்றாக ஆனது.

தமிழில் இதற்கு வயது இன்னும் அதிகம். பாரி இறந்தபின் வடக்கிருந்த கபிலர் பாடியதாகப் புறநானூற்றின் 236-ஆம் பாட்டு இருக்கிறது. உன்னோடு சேர்ந்து வர என்னை விடாமல் 'இங்கேயே இரு' என்று சொல்லிவிட்டாயே, அப்படியானால் இத்தனை ஆண்டு என்னைப் பேணிய நீ உள்ளுக்குள் என்னை வெறுத்திருக்கிறாய் என்று இறந்தவனிடம் அவர் சண்டை பிடிக்கிறார். பாரி உயிரோடிருந்தபோது அன்பினால் சொன்ன சொல், அவன் செத்தபின் தண்டனையாக மாறிவிடுகிறது. பேய் கிடையாது, இருட்டு கிடையாது. இருந்தும் அந்தப் பாட்டை இரவில் தனியாகப் படிக்க எனக்குச் சற்றுத் தயக்கம்தான்.

தவறே செய்யாத ஒருவர் ஏன் தம்மைக் குற்றவாளியாக நினைக்கிறார்? இது வாசகருக்கு நம்பும்படியாக இருக்குமா?

கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தக் கேள்விதான். பல கதைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. குற்றவுணர்வுக்கு ஒரு 'தகுந்த காரணம்' வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, பிழைத்தவருக்கு ஒரு பழைய பாவத்தை எழுத்தாளர் கட்டிவிடுகிறார்: சொத்துத் தகராறு, பொறாமை, கைவிட்டு ஓடியது. அப்படிச் செய்தவுடன் கதை தண்டனைக் கதையாகிவிடுகிறது. படிப்பவரும் 'செய்தான், அனுபவிக்கிறான்' என்று நிம்மதியாக மூடி வைத்துவிடுகிறார்.

மனத்தின் வேலை வேறுவிதமானது. ஒரு செயலின் முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று நமக்குத் தோன்றத் தொடங்குகிறது. 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனைகளின் மூலம் காட்டினார்: முடிவு சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட, 'இது இப்படித்தான் முடிந்திருக்கும்' என்று அதிக உறுதியோடு மதிப்பிட்டார்கள், அந்த உறுதி முடிவைக் கேட்டதனால் வந்தது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அக்கா கதையில் இதை வைத்துப் பாருங்கள். அன்று மாலை அடுப்படிச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. மழைக்காலத்தில் எந்த லைன் வீட்டுச் சுவரில்தான் ஈரம் ஏறாது? மண் வந்தபின் அந்த ஈரம் எச்சரிக்கையாக மாறுகிறது. கொல்லை ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தது எச்சரிக்கை. நாய் வாசலில் படுக்காமல் பாதையில் போய்ப் படுத்தது எச்சரிக்கை. ஒவ்வொரு இரவும் ஒரு புதிய எச்சரிக்கை அவளுக்கு நினைவுக்கு வருகிறது, சில எச்சரிக்கைகள் நடக்காதவையாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது கூட்டம் சற்று அமைதியாகிவிடும். குற்றவுணர்வு ஒருவகையில் ஆறுதல். 'என்னால்தான் நடந்தது' என்று நினைப்பவளுக்கு, தான் வேறுவிதமாகச் செய்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாள் என்ற ஓர் உலகமாவது மிஞ்சுகிறது. 'யாராலும் நடக்கவில்லை, மண் சரிந்தது' என்று ஒப்புக்கொண்டால் அந்த உலகமும் போய்விடும். ஆகவே, 'உன் தப்பு இல்லம்மா' என்று ஊர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் பலமாகத் தன் குற்றத்தைப் பிடித்துக்கொள்கிறாள். உளவியல் திகிலுக்கு இதைவிட வலுவான பூட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் பேய் வந்து குற்றம் சாட்டலாமா?

வேண்டாம். 'நீதானே என்னைக் கொன்றாய்' என்று பேய் சொல்லிவிட்டால் பாத்திரம் தப்பித்துக்கொள்ளும். எதிரே நிற்கும் ஒன்றோடு வாதாடலாம், மன்னிப்புக் கேட்கலாம், மந்திரவாதியைக்கூட அழைக்கலாம். இறந்தவர் சாதாரணமாக இருக்க வேண்டும். தங்கை ஒரு முறை 'அக்கா, குளிருது' என்று சொன்னால் போதும். அவள் உயிரோடிருந்தபோது நூறு முறை சொன்ன வார்த்தைதான் அது. வழக்குத் தொடுப்பவர், சாட்சி சொல்பவர், தீர்ப்பெழுதுபவர் மூவரும் உயிரோடிருக்கும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

இறந்தவரைப் பார்ப்பது, அவருடைய குரலைக் கேட்பது எல்லாம் மனநோயா?

பெரும்பாலும் இல்லை. கதையில் மிகவும் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971-இல் பிரிட்டனின் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப் பேர் இறந்த கணவனையோ மனைவியையோ ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள்: பக்கத்தில் இருப்பதாக, குரல் கேட்பதாக, சிலர் கண்ணால் காண்பதாக. பெரும்பான்மையோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. நம் வீடுகளில் வற்றல் குழம்பு கொதிக்கும்போது 'அவர் வந்து நிக்கிற மாதிரி இருக்கு' என்று ஒரு பாட்டி சொன்னால் யாரும் பதறுவதில்லை.

எழுதுகிறவர் இங்கே கவனிக்க வேண்டியது, ஆறுதலாக வரும் அதே உணர்வு எந்தப் புள்ளியில் அச்சமாகத் திரும்புகிறது என்பது. வாசனை அதற்கு நல்ல கருவி. தங்கையின் தலையெண்ணெய் வாசனை முதல் மாதம் அக்காவைத் தூங்க வைக்கிறது. ஆறாம் மாதம், அந்த எண்ணெய்ப் புட்டி மண்ணோடு போய்விட்டது என்பது அவளுக்கு நினைவுக்கு வருகிறது.

அமுக்குவானைக் கதையில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகள் செயலற்றுக் கிடக்கின்றன. மூளை சற்று முன்னதாக விழித்துக்கொண்டால், கண் திறந்திருந்தும் விரலை அசைக்க முடியாத சில நொடிகள் உண்டாகின்றன. மார்பில் பாரம், அறையில் யாரோ நிற்கும் உணர்வு, மூச்சுத் திணறல் எல்லாம் அதோடு வரும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். துக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் கெடுவது இயல்பு என்பதால் பாத்திரத்துக்கும் பொருந்தும். ஆனால் மண்ணில் புதைந்து மூச்சுத் திணறிய ஒருத்தியின் அக்காவுக்கு மார்பில் அழுத்தும் பாரம் என்ன பொருள் தரும் என்பதை எழுத்தாளர் விளக்கக் கூடாது. அவளே கண்டுகொள்ளட்டும், படிப்பவரும் கண்டுகொள்வார்.

நீலகிரியில் கதை நடப்பதாக எழுதுகிறேன். மூடுபனி போட்டால் போதாதா?

போதாது. மூடுபனி சுற்றுலாப் பயணிக்குத்தான் மர்மம். இங்கே இருப்பவர்களுக்கு அது துணி காயாத நாள், அவ்வளவே. இந்த மலையில் உண்மையான அச்சம் மண்ணில் இருக்கிறது. பாறையின் மேல் பல அடி ஆழத்துக்குச் சிதைந்து மக்கிய செம்மண்ணும் களியும் படிந்திருக்கின்றன. நாள்கணக்கில் மழை இறங்கும்போது மண்துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் கூடி, அவற்றைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைகிறது. சரிவை வெட்டிக் கட்டிய வீடு, அடைபட்ட வடிகால், வேர்ப்பிடிப்பு இல்லாத மேடு ஆகியவை மீதி வேலையைச் செய்கின்றன. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அதிகம் என்பதால் எங்களுக்குக் கெட்ட மாதம் நவம்பர். 1978, 1993, 2009 என்று ஆண்டுகளைச் சொன்னாலே வயதானவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1993-இல் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் என்ற இடத்தில் பெருஞ்சரிவு. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். குந்தா, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் ஆட்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அவலாஞ்சி என்ற பெயரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெருஞ்சரிவைக் குறித்து வெள்ளைக்காரர்கள் வைத்ததுதான். ஒரு விபத்தின் பெயரையே முகவரியாக எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த விவரங்களைப் பாடமாக ஒப்பிக்க வேண்டியதில்லை. சுவரில் விரல் வைத்தால் குளிர்வது, தரையில் மயிரிழை போலத் தொடங்கி மறுநாள் தீக்குச்சி நுழையும் அளவுக்கு விரியும் வெடிப்பு, தகரக்கூரையில் மழை நின்ற பிறகும் காதில் நிற்காத இரைச்சல், இடுப்பில் கட்டிய படங்கு காய்ந்த பிறகும் அதில் ஒட்டியிருக்கும் தேயிலைக் கறை ஆகியவற்றில் இரண்டைச் சரியாக எழுதினால் மூடுபனியே வேண்டாம்.

மூடுபனியை விடவே மனமில்லை என்றால், அதில் ஒரே ஒரு காட்சி எனக்கு உண்மையாகவே பிடிக்கும். முதுகுப்பக்கம் வெயிலும் எதிரே பள்ளத்தாக்கில் மேகமும் இருக்கும் நேரத்தில், நம் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு நிற்கும். பிராக்கன் பூதம் என்று அதற்குப் பெயர். பழனி மலையில் கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் இதற்குப் பேர்போன இடம். பல பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தம் நிழலின் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும். பிழைத்த ஒருவர் அங்கே நின்று, எதிர்ப்புறத்தில் யாரோ தன்னைப் போலவே கையுயர்த்துவதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதை நான் இன்னும் எழுதிப் பார்க்கவில்லை. விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். ஒளியியல்படி பிழையில்லாத பேய் அது.

மலையில் 'பேய் வீடு' என்று சொல்லப்படும் வீடுகளுக்கு உடல்சார்ந்த காரணம் ஏதேனும் உண்டா?

ஒன்று உண்டு, கதைக்கு வெளியேயும் தெரிந்திருக்க வேண்டியது. குளிருக்காகக் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, சன்னல் கதவெல்லாம் அடைத்துப் படுத்தால், கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு மயக்கம், மரணம். 1921-இல் அமெரிக்காவில் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் எழுதிய ஒரு குறிப்பில், புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குக் காலடியோசையும் யாரோ கூடவே இருக்கும் உணர்வும் ஓயாமல் வந்ததும், காரணம் பழுதான கணப்பு உலையின் புகை என்று பிறகு கண்டுபிடிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன.

கதையில் இதை 'விடை'யாக வைத்தால் ஏமாற்றமாக முடியும். முதல் அத்தியாயத்திலேயே அக்காவின் அறையில் குமுட்டியை வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சன்னலைத் திறக்கட்டும். தலைவலி போய்விடுகிறது, குரல் போகவில்லை.

உடல் கிடைக்காத மரணத்தை எப்படி எழுதுவது?

மெதுவாக. உடல் இருந்தால் பதினாறாம் நாளும் கருமாதியும் வந்து ஏதோ ஒரு கதவைச் சாத்தும். மண்ணுக்குள்ளோ ஆற்றிலோ போனவருக்கு அது நடப்பதில்லை. தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்தாலும் மனம் ஏற்பதில்லை. சட்டமும் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாதபோதுதான் இறந்ததாகக் கருத இடம் தருகிறது. ஏழு ஆண்டுகள் ரேஷன் அட்டையில் பெயர் இருக்கும், தட்டு கழுவி வைக்கப்படும், செருப்பு வாசலில் கிடக்கும். அந்தச் செருப்பு ஒரு நாள் சற்று நகர்ந்திருந்தால் அது நாய் இழுத்ததா, யாரோ இடறியதா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள முடியாத வீடு அது.

படகர், தோடர், குறும்பர் ஆகியோரின் சடங்குகளைக் கதையில் சேர்க்கலாமா?

தெரிந்து சேர்க்கலாம், அலங்காரத்துக்குச் சேர்க்கக் கூடாது. முதலில் ஒரு வேண்டுகோள்: குறும்பர் ஒருவரைச் சூனியக்காரராக்கி இனி ஒரு கதையும் எழுத வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலையில், ஊரில் நோயும் சாவும் வந்தபோதெல்லாம் சூனியம் வைத்தார்கள் என்று பழிசுமத்திக் குறும்பர்களைக் கூட்டமாகக் கொன்றது பதிவாகியிருக்கிறது. துக்கம் தாங்காத ஊர் பழியைச் சுமக்க ஆள் தேடியது. நாமும் கதையில் அதையே செய்ய வேண்டியதில்லை.

மாறாக, பழியை எங்கே இறக்கி வைப்பது என்ற கேள்விக்குப் படகரின் இறுதிச் சடங்கில் ஓர் ஆழ்ந்த விடை இருக்கிறது. பிணத்தின் முன் ஊர்ப்பெரியவர் நின்று, மனிதர் செய்யக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, கூடியிருப்போர் அது நீங்கட்டும் என்ற பொருளில் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். கரு ஹரசுவது என்று அதைச் சொல்வார்கள். ஆயிரத்து முந்நூறு பாவங்கள் என்பது மரபுக் கணக்கு. முற்காலத்தில் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு ஓட ஒரு கன்றை விடுவது வழக்கம். இறந்தவரின் பிழைகளைப் போக்கும் சடங்குதான் அது. ஆனால் கூட்டத்தில் நின்று பதில் குரல் கொடுக்கும் பிழைத்தவருக்கு, சொல்லப்படும் பட்டியலில் தன்னுடையது வருகிறதா என்று காது தேடாமல் இருக்குமா?

தோடர்களுக்கு முன்பு இரண்டு இறுதிச் சடங்குகள் இருந்தன. முதலாவது இறந்தவுடன், இரண்டாவது மாதங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர் முழுவதும் போய்விடவில்லை. இதை விரிவாக எழுதி 1906-இல் நூலாக்கியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். அவரைப் பற்றி இன்னொரு கேள்வியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொந்தத் துக்கத்தைத் திகில்கதையாக எழுதுவது மனத்துக்கு நல்லதா?

தோடர்களிடையே தங்கிக் குறிப்பெடுத்த அதே ரிவர்ஸ், முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தில் உள்ள கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில் மனமுடைந்த படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 'மறந்துவிடு, நினைக்காதே' என்பதுதான் அக்காலத்து வைத்தியம். நினைவைக் கட்டாயமாக அமுக்குவதால்தான் அது இரவில் கனவாக வெடிக்கிறது என்றும், அதற்காக ஓயாமல் அதையே அசைபோடுவதும் தீர்வாகாது என்றும் அவர் கருதினார். தோழனைத் தேடிப்போன ஓர் அதிகாரி, குண்டு வெடித்துச் சிதறிய உடலைக் கண்டார். அந்தக் காட்சி ஒவ்வொரு இரவும் அவரிடம் திரும்பி வந்தது. உடல் அப்படிச் சிதறியிருப்பதே அவர் வலியறியாமல் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். காட்சி மாறவில்லை. அதைப் பார்க்க நிற்கும் இடம் மாறியது, அந்த மனிதர் அதை நினைக்கத் துணிந்தார்.

எழுதுவதற்கும் இதுவே என் அளவுகோல். ஒரே காட்சியை ஒரே இடத்தில் நின்று இருபது முறை எழுதிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கதையை அண்டை வீட்டுக்காரியின் கண்ணிலிருந்தோ, மண்ணை வாரிய பொக்லைன் ஓட்டுநரின் கண்ணிலிருந்தோ எழுத முடிந்தால் தொடருங்கள்.

துக்கம் எவ்வளவு நாள் இருக்கலாம் என்றும் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. நாளாந்த வாழ்வையே முடக்கும் தீவிரத் துக்கம் நீடித்தால் அதை நோயாகக் கொள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை ஆறு மாதத்தையும், அமெரிக்கக் கையேட்டின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியவர்களுக்கு ஓராண்டையும் குறைந்த அளவாக வைக்கின்றன. நம் தலைத்திவசமும் ஓராண்டுதான். உயிரோடிருப்பதே பிழை என்ற எண்ணம் சாக வேண்டும் என்ற எண்ணமாக மாறினால் எந்த மாதக் கணக்கும் பார்க்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104-லும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

பாத்திரம் இறுதியில் 'பைத்தியமாகி' விடுவதாக முடிக்கலாமா?

சோம்பேறித்தனமான முடிவு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 'சங்கிலியில் கட்டினார்கள், அவள் சிரித்தாள்' என்று ஒரு கதை முடியும்போது எனக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

உண்மையில் நடந்த பேரிடரைப் பெயர் சொல்லி எழுதலாமா?

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அது அடுத்த ஊர். ஒரு மாதத்துக்குள் எங்கள் கூட்டத்துக்கு அதைப் பற்றி ஒரு பேய்க்கதை வந்தது. வாசித்தவர் பாதியில், எதிரே ஒரு பெண் எழுந்து வெளியே போவதைப் பார்த்துத் தாமாகவே நிறுத்திவிட்டார். விதி எதுவும் வகுக்க எனக்குத் தெரியவில்லை. என் கதையில் ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கின் சாயல் இருக்கும், அதோடு சரி.

பேய் உண்மையா, மனத்தின் வேலையா என்று கடைசியில் சொல்லிவிட வேண்டுமா? கதையை எங்கே முடிப்பது?

சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறவர் தமக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். தமக்கே தெரியாதபோது வரும் மங்கல் வெறும் மங்கலாகவே படிக்கப்படும்.

என் கதையின் முடிவை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முடிவில் சுவரிலிருந்து தங்கையின் கை வந்தது. எல்லாரும் பயந்தார்கள், மறுமாதம் யாருக்கும் நினைவில்லை. இரண்டாவதில் அக்கா ஒரு மருத்துவரிடம் போனாள், அவர் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் சொன்னார். செவிலியர் மட்டும் பாராட்டினார். அதன்பின் ஒரு முறை, கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு அப்புறம் பஸ்ஸைப் பிடிச்சாளா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அது தோன்றவேயில்லை. இப்போதுள்ள முடிவில் அக்கா அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டாள். சமவெளியில், மேடு இல்லாத ஊரில், தனி அறையில் இருக்கிறாள். பாயைச் சுவரோரமாக விரித்துச் சுவர்ப்பக்கமே படுக்கிறாள். மறுபக்கம் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. படுக்கும் முன் செல்பேசியை எடுத்து நான்கரை மணிக்கு அலாரம் வைக்கிறாள். அது அடிக்கும்போது அவள் எழுவதில்லை. காலியாக இருக்கும் பக்கத்திலிருந்து யாரோ அதை நிறுத்துகிறார்கள்.